அரசிலை அண்ணாச்சிக்கு அருள் வந்த விதம்

கோவில்பட்டியில் காற்று சுத்தமாக நின்றுபோன சித்திரை வெயிலில்கூட அசைந்துகொண்டிருந்த ஒரே ஜீவன் எங்கள் அரசிலை அண்ணாச்சிதான். அப்பா அம்மா வைத்த பெயரைக் கேட்காதீர்கள், தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. ஐம்பது வயதுக்கு மேல் அவர் கைகளில் ஒரு நடுக்கம் வந்து குடியேறியது. சும்மா இருக்கும்போதே அரசமரத்து இலையாக ஆடும். தெரு பெயர் வைத்தது. மனுஷன் கோபப்பட வேண்டாமா? கடைப் பலகையிலேயே எழுதி மாட்டிவிட்டார்: ‘அரசிலை சைக்கிள் கடை’.

டீக்கடையில் அவருக்கு மட்டும் டீ ஆற்றித் தர மாட்டார்கள். “கையில குடும்வே, அது ஆத்திக்கிடும்” என்பார் அண்ணாச்சி. ரோட்டோரம் நின்றால் பசுவந்தனை பஸ் நின்றுவிடும்.

“ஏறுதீரா, இல்லையா?” என்று கண்டக்டர் எரிந்து விழுவார்.

“நான் எங்கவே கூப்பிட்டேன்? கைதான கூப்பிட்டுது. அதை மட்டும் வேணா ஏத்திக்கிட்டுப் போரும்!”

இதெல்லாம் சிரிப்போடு போயிற்று. ஆனால் அண்ணாச்சிதான் எங்கள் தெரு அம்மனுக்குச் சாமியாடி. அங்கே வந்தது வம்பு. அசலூர்ப் பெண்கள் பஞ்சர் ஒட்டுகிறவரைப் பார்த்துவிட்டுக் கடைவாசலிலேயே தடாலென்று விழுந்து குறி கேட்பார்கள்.

“ஏட்டி, எந்திரி! இது சாமி ஆட்டமில்ல, நரம்பு ஆட்டம். அம்மன் வந்தா டியூபையா தேச்சிக்கிட்டு இருப்பா?”

பக்கத்து எண்ணெய்க்கடை பாய் அவரை மதுரைக்குப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். நடுக்குவாதம், உயிருக்குப் பயமில்லை, ஆனால் தீராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“அது கெடக்கட்டும் டாக்டரே. இந்த உடம்புல அம்மன் வாரதுக்குத் தடை ஏதும் உண்டுமா?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு பாயைப் பார்த்தாராம். பாயோ, “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க டாக்டர், அவியளுக்கு அதான் முக்கியம்” என்றாராம்!

அந்த வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் கோயில் கமிட்டி கூடியது. சாமியாடி உடம்பு ஆடினால்தான் அருள் வந்ததாக அர்த்தம். அப்புறம்தான் குலவை, அப்புறம்தான் திருநீறு. “வருசம் பூரா ஆடுதவருக்கு சாமி வந்திருக்கா வரலையான்னு எப்படிவே கண்டுபிடிக்க?” என்று கேட்டார் தலைவர். கேள்வி நியாயம்தான். பதிலையும் அவரே வைத்திருந்தார்: தம் மச்சானையே சாமியாடியாக்கிவிட்டார். அந்த மச்சான் ஆட்டம் பழகுவதற்கு, வெட்கமில்லாமல், அண்ணாச்சி கடை எதிரிலேயே வந்து நின்று அவர் கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். “வேகம் பத்தாது மாப்ளே, தோளையும் சேத்து ஆட்டு” என்று சொல்லிக்கொடுத்தார் அண்ணாச்சி.

அவன் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

“கை போனாப் போட்டும் தம்பி. நடை போனாலும் போட்டும், சைக்கிள் இருக்கு. அவ என்கிட்ட வராமப் போயிட்டான்னா நான் யாருலே?”

அவர் சிரிக்காமல் பேசி அன்றுதான் பார்த்தேன்.

மதியக்கொடை. மேளம் காதைக் கிழிக்கிறது. மச்சான் கோயிலைச் சுற்றிக் குதித்த குதியில் இரண்டு குடம் உடைந்தது. அண்ணாச்சி ஓரமாக, வழக்கமான ஆட்டத்தோடு நின்றார். “பாத்தீரா, அதே ஆட்டம்தான்” என்று தலைவர் என் காதில் சொன்னார்.

சொல்லி வாய் மூடவில்லை. அண்ணாச்சியின் கை நின்றது.

விரல் நுனிகூட அசையவில்லை. இத்தனை வருஷமாகப் பார்க்காததைப் பார்த்த அவர் மனைவி, எங்கள் மதினி, முதல் குலவையைப் போட்டாள். மொத்தப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மச்சான் குதித்த கால் தரையில் படுமுன்பே பக்தனாகிவிட்டான். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற அண்ணாச்சி, நிமிர்ந்து, விறுவிறுவென்று போய்த் திருநீற்றுத் தட்டை எடுத்தார். ஒரு கைக்குழந்தையின் நெற்றியில், நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு.

“தாயே!” என்று தலைவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மற்ற ஊரில் சாமி வந்தால் ஆடும். எங்கள் தெருவில் சாமி வந்தால் நிற்கும் என்று அன்றைக்கே சட்டமாயிற்று. மச்சான் பந்தியில் சாம்பார் வாளி தூக்கப் போய்விட்டான்.

நான் வரிசையில் கடைசி. என் முறை வருவதற்குள் அம்மன் மலையேறிவிட்டாள். கை பழையபடி ஆடத் தொடங்கியிருந்தது. “அருள் போயாச்சு, இனி பூசக்கூடாது” என்று பூசாரி தட்டைப் பிடுங்க வந்தார்.

“இருக்கட்டும்வே, நம்ம தம்பிதான” என்றார் அண்ணாச்சி. முகமெல்லாம் சிரிப்பு.

நெற்றியில் வைக்க வந்தது கண், மூக்கு, மீசை, சட்டைப்பை எல்லாம் ஆயிற்று. நான் துடைக்கவில்லை. அன்றைக்கு அம்மன் கையால் பூசிக்கொண்டவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அண்ணாச்சி கையால் பூசிக்கொண்டவன் நான் ஒருத்தன்தான்.