யாளிக்கு மாலை வந்த கதை

ஒரு காட்டில் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரே ஒரு குளம். மழைக்காலத்தில் அந்தக் குளம் யாருக்கும் ஞாபகம் வராது. பங்குனி பிறந்து ஓடைகள் வற்றியதும்தான் எல்லாருக்கும் அதன்மேல் பாசம் பொங்கும்.

அங்கே பூங்கோதை என்றொரு சருகுமான் இருந்தது. மான் என்றதும் கிளைகிளையான கொம்பையும் துள்ளலையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சருகுமான் முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். காய்ந்த இலைக்குள் நின்றால் அதுவும் ஒரு காய்ந்த இலை. அதனால் குளத்தில் பூங்கோதை எப்போதும் கடைசி. காட்டெருமை குடித்து, கடமான் குடித்து, தாண்டவன் என்ற காட்டுப்பன்றி இறங்கி நன்றாகப் புரண்டு எழுந்த பிறகுதான் அதன் முறை வரும். அப்போது குளத்தில் மிஞ்சியிருப்பதைத் தண்ணீர் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். மேலாகத் தெளிந்திருப்பதை நாக்கால் வழித்துக் குடித்துவிட்டுப் பூங்கோதை வீட்டுக்குப் போகும். குளத்தின் அடி எப்படி இருக்கும் என்று அது ஒருநாளும் பார்த்ததில்லை.

முந்தைய கோடையில் தண்ணீருக்கு அடிதடியாகிக் கடமானின் காது கிழிந்துபோனது. அந்த வருஷம்தான் காட்டுக்குள் அட்டை வந்தது.

மலைமேல் சுற்றுலா வண்டிகள் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே சிங்காரம் என்ற மந்தி ஒரு பையைப் பிடுங்கியது. உள்ளே முறுக்கு இருக்கும் என்று பார்த்தால் பாக்கெட் பாக்கெட்டாகப் படம் போட்ட அட்டைகள். 'யாளிப் போர்' என்று மேலே எழுதியிருந்தது. சிங்காரம் கூட்டத்தைக் கூட்டி, "இனிமே எல்லாத்தையும் அட்டை முடிவு பண்ணும்" என்றதும் பாதிப் பேர் பதறிப்போய்த் தங்கள் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். காட்டில் அட்டை என்றால் ரத்தம் குடிப்பது. அது இல்லை, இது வேறு என்று புரியவைக்கவே அரை நாள் ஆனது.

ஆட்டம் எளிது. ஆளுக்கொரு கட்டு அட்டை. அதில் பூதம், வேதாளம், யாளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம். இருவரும் ஆளுக்கொன்றை நடுவில் வைக்க வேண்டும். பலம் கூடியது ஜெயிக்கும். மூன்று சுற்றில் இரண்டை வென்றவருக்கு ஆட்டம். சண்டைக்குப் பதில் இதை ஆடித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பன்னிரண்டு குடும்பமும் ஒத்துக்கொண்டன. கோடைத் தொடக்கத்தில் ஒரு பெரிய போட்டி. அதில் ஜெயித்தவர் கோடை முழுவதும் முதலில் குடிக்கலாம். மற்றவர்கள் தினமும் காலையில் ஆடி அன்றைய வரிசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நடுவராக அம்பலவாணர் என்ற அழுங்கு நியமிக்கப்பட்டார். உடம்பெல்லாம் செதில் உள்ள பிராணி. நடுவர் ஆவதற்கு முன்பு 'அது'. ஆன பிறகு 'அவர்'. கஷ்டமான கேள்வி வந்தால் உடனே பந்துபோலச் சுருண்டுகொள்வார். அழுங்குகள் பயத்தில் அப்படித்தான் செய்யும். ஆனால் பார்த்தவர்களுக்கு அது ஆழ்ந்த யோசனையாகத் தெரிந்தது. அவரும் மறுக்கவில்லை.

அந்தப் பைக்குள் விதிகள் அச்சிட்ட தாள் ஒன்றும் இருந்தது. அதை முழுக்கப் படித்தது பூங்கோதை மட்டும்தான். ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை. பலம் இல்லாதவர்களுக்கு வேறென்ன வேலை? அந்தத் தாளின் தயவில் கடமானை வென்றது, காட்டெருமையை வென்றது, கடைசி ஆட்டத்துக்கும் வந்துவிட்டது. எதிரே தாண்டவன்.

ஆட்டம் உச்சிவெயில் சாய்ந்த பிறகு தொடங்கியது. முதல் சுற்று தாண்டவனுக்கு, இரண்டாவது பூங்கோதைக்கு. மூன்றாவதில் தாண்டவன் தன் பூதத்தை இறக்கியது. பலம் பத்து. காட்டிலேயே பெரிய அட்டை.

பூங்கோதையிடம் மிச்சம் இருந்தது ஒரு யாளி. பலம் ஆறு.

தாளில் யாளியைப் பற்றி ஒரு வரி உண்டு: 'மாலை வந்தால் யாளியின் பலம் இரட்டிப்பாகும்.' மாலை என்றும் ஓர் அட்டை இருந்தது. சிவப்பு அரளி மாலை. காட்டுக்குள் வந்ததே ஒன்றுதான். முழுப் பலாப்பழம் ஒன்றைக் கொடுத்து அதைச் சிங்காரத்திடம் வாங்கி, யாருக்கும் கிடைக்காதபடி தாண்டவன் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூடியிருந்தவர்கள் எழுந்து உடம்பை உதறத் தொடங்கினார்கள். முடிந்துபோன ஆட்டம்.

பூங்கோதை யாளியை வைக்கவில்லை. யோசித்தது. வெயில் மரத்தடியிலிருந்து நகர்ந்து பாறைக்குப் போனது. பூங்கோதை இன்னும் யோசித்தது.

"ஏம்மா, வைக்கப்போறியா இல்லையா?" என்றது தாண்டவன்.

"யோசிக்கிறேண்ணே."

"ஒரே ஒரு அட்டைதானே இருக்கு. அதில யோசிக்க என்ன இருக்கு? நடுவரே, கேளுங்க!"

அம்பலவாணர் தாளை மூக்கருகே வைத்துப் பார்த்தார். "'ஆட்டக்காரர் யோசித்து ஆட வேண்டும்'னு போட்டிருக்கு. எவ்வளவு நேரம்னு போடலை. யோசிக்கட்டும்."

 பூங்கோதை அட்டையைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. கொக்குகள் வரிசையாக மரத்துக்குத் திரும்பின. அப்போதுதான் பூங்கோதை யாளியை நடுவில் வைத்தது.

"பலம் பன்னிரண்டு" என்றது. "மாலை வந்துடுச்சு."

தாண்டவன் விழுந்து விழுந்து சிரித்தது. தொடைக்கடியிலிருந்து அரளி மாலையை எடுத்து எல்லாருக்கும் காட்டியது. "மாலை எங்க வந்துது? இங்கல்ல இருக்கு!"

"அது பூமாலைண்ணே. நான் சொல்றது அங்க." பூங்கோதை மூக்கை மேற்கே நீட்டியது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வானம் நல்ல செம்மண் நிறத்தில் இருந்தது. சாயங்காலம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பிறகு எழுந்த கூச்சலில் கூட்டுக்குத் திரும்பிய கொக்குகள் மறுபடியும் பறந்தன. அம்பலவாணர் சட்டென்று சுருண்டுகொண்டார்.  பந்துக்குள்ளிருந்து கம்மலாக ஒரு குரல் வந்தது. "பூங்கோதை, அது பூமாலை இல்லைன்னு எதை வச்சுச் சொல்றே?"

"ஐயா, தாளைப் பாருங்க. 'வாள் அட்டை வந்தால்'னு இருக்கு. 'கேடயம் அட்டை வந்தால்'னு இருக்கு. எல்லா இடத்திலயும் அட்டை, அட்டைன்னு சொல்லியிருக்காங்க. இந்த ஒரு வரியில மட்டும் வெறும் 'மாலை வந்தால்'. ஏன்?"

"அச்சடிக்கும்போது விட்டுப்போயிருக்கும்!" என்று தாண்டவன் கத்தியது.

"விட்டுப்போனதையெல்லாம் சேர்த்துப் படிக்கலாம்னா, எனக்கும் நாலஞ்சு விட்டுப்போயிருக்குண்ணே. சேர்த்துக்கலாமா?"

பந்து மெதுவாக அவிழ்ந்தது. அம்பலவாணர் தாளை ஒருமுறை பார்த்தார், மேற்கை ஒருமுறை பார்த்தார். இரண்டும் அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்தன. "எழுதினது எழுதினபடி. யாளி ஜெயிச்சுது" என்றார்.

மறுநாள் உச்சிவேளையில் பூங்கோதை யாருக்கும் முன்னால் குளத்தில் வாயை வைத்தது. தண்ணீர் குளிர்ந்து, வாசனையே இல்லாமல் இருந்தது. அடியில் வெள்ளையாக ஒரு கூழாங்கல் கிடந்தது. குடிப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றது. இத்தனை வருஷமாக இது இங்கேதான் இருந்திருக்கிறது!

ஆனால் காடு பழைய காடாக இல்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பன்றியையே சாய்க்கலாம் என்று தெரிந்த பிறகு யார் சும்மா இருப்பார்கள்? மறுநாள் காலை வரிசை ஆட்டத்திலேயே முள்ளம்பன்றி ஆரம்பித்தது. "'கையில் அட்டை இல்லாதவர் தோற்றவர்'னு இருக்கு. எனக்குக் கையே கிடையாது. நாலும் கால். நான் எப்படித் தோப்பேன்?" முயல் எழுந்து, 'வலப்பக்கம் இருப்பவர் முதலில்' என்றால் யாருக்கு வலப்பக்கம் என்று கேட்டது. மலையணில் மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, "இப்ப எனக்கு மேலே எது, கீழே எது?" என்றது. அம்பலவாணர் விடிந்ததும் சுருண்டால் பொழுது சாயும்போதுதான் அவிழ்ந்தார். மனு கொடுக்க நடுவர் கிடக்கும் மரத்தைச் சுற்றி வரிசை. வரிசையில் யார் முன்னால் என்பதற்குத் தனி மனு.

வரிசை முடிவாகாமல் குளத்துக்கு யாரும் போகக் கூடாது. ஆகவே யாரும் போகவில்லை. பூங்கோதைக்கு மட்டும் வரிசை தேவையில்லையே! அது தினமும் நிதானமாகப் போய், வேண்டுமட்டும் குடித்து, கூழாங்கல்லைப் பார்த்துவிட்டு வந்தது.

ஆறாம் நாள் சிங்காரம் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு பூங்கோதையின் புதருக்கு வந்தது. முயலின் உதடு வெடித்திருந்தது.

"தாயி, எங்களால முடியலை" என்றது சிங்காரம். "அந்தத் தாளை நீதான் கரைச்சுக் குடிச்சவ. யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி புதுசா எழுதிக் கொடுத்துடு."

பூங்கோதைக்கு முயலின் உதட்டைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஒரு பெரிய தேக்கிலையை விரித்துக் கரித்துண்டை எடுத்தது. இரண்டு நாள் சோறு தண்ணீர் மறந்து எழுதியது. 'மாலை அட்டை என்றால் பூமாலை, பொழுது அல்ல.' 'கை என்பதில் முன்னங்காலும் அடங்கும்.' 'வலம் என்றால் நடுவரின் வலம். நடுவர் சுருண்டிருந்தால், சுருள்வதற்கு முன் இருந்த வலம்.' நேர்மையான பிராணி ஆகையால் தனக்கும் ஒரு விதி எழுதியது: 'கோடை வெற்றியாளர் முதலில் பத்து மடக்கு குடித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும்.' மொத்தம் அறுபத்து நான்கு விதிகள். ஒன்றிலும் ஊசி நுழைய இடமில்லை. இலையை நடுவரின் மரத்தில் மாட்டினார்கள்.

மறுநாள் காலை ஆட்டங்களில் ஒரு சண்டைகூட வரவில்லை. வரிசை கால் மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. பன்னிரண்டு குடும்பங்களும் சேர்ந்தாற்போல் குளத்துக்கு வந்து நின்றன. பூங்கோதை குனிந்து குடித்தது.

"ஏழு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எட்டு. ஒன்பது."

பத்தாவது மடக்கை விழுங்கும்போது புரையேறியது. விலகி நின்று பார்த்தது. காட்டெருமை இறங்கியது, கடமான் இறங்கியது, முயல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. எல்லார் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. வெள்ளைக் கூழாங்கல் முதலில் மஞ்சளானது, பிறகு காணாமல் போனது. நாம் செய்தது நல்ல காரியம் என்று பூங்கோதை தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. வீட்டுக்குப் போகும் வழியில் இன்னொரு முறையும் சொல்லிக்கொண்டது. அப்படியும் தாகமாகவே இருந்தது.

அடுத்த நாள் விடிந்தும் விடியாத வேளையில் அது நடுவரின் மரத்தடிக்குப் போனது. அம்பலவாணர் சுருண்டு கிடந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தோராம் விதியில், 'அட்டையைத் திருப்பிய பிறகு எதிரி ஆடலாம்' என்று இருந்தது. பூங்கோதை 'யைத்'தைத் துடைத்துவிட்டு, 'ப்'பை 'ம்' ஆக்கக் கரித்துண்டால் ஒரு சுழி போட்டது. சின்னச் சுழிதான். 'அட்டை திரும்பிய பிறகு எதிரி ஆடலாம்' என்றானது.

அன்று முற்பகலில் மரத்தடியில் பேச்சு சூடாக இருந்தது.

"'திரும்பிய'ன்னா, போன அட்டை திரும்பி வரணும்" என்றது முயல்.

"அது எப்படி? அட்டை முதுகு காட்டித் திரும்பணும்" என்றது முள்ளம்பன்றி.

"தானாத் திரும்பணுமா, யாராவது திருப்பணுமா?" என்று மலையணில் மேலேயிருந்து கேட்டது.

அம்பலவாணர் சுருண்டுகொண்டார்.

பூங்கோதை ஓசைப்படாமல் குளத்துக்கு நழுவியது. கரையில் தாண்டவன் நின்றுகொண்டிருந்தது. இன்னும் இறங்கவில்லை. தண்ணீர் அசையாமல் தெளிந்து கிடந்தது.

"நீங்க அங்க போகலையாண்ணே?"

"போனேனே. முயல் சொல்றதும் சரி, முள்ளன் சொல்றதும் சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்." தாண்டவன் மூக்கை உறிஞ்சியது. "நீதானே முதல்ல. குடி."

பூங்கோதை குனிந்தது.

"அந்த இலைப் பக்கம் புதுக்கரி வாசனை அடிச்சுது" என்றது தாண்டவன், வேறெங்கோ பார்த்தபடி. "மண்ணுக்குள்ள ஒரு முழத்துக்குக் கீழே கிழங்கு இருந்தாலே எனக்குத் தெரியும்."

பூங்கோதை பத்தாவது மடக்கோடு நிறுத்தித் திரும்பிப் பார்த்தது. "சொல்லிடுவீங்களா?"

"எதுக்கு? நீ குடிச்சதும் நான் கொஞ்சம் புரளணும். பத்து பேர் முன்னால புரண்டா ஆளாளுக்குப் பேசறாங்க." தாண்டவன் தயங்கித் தயங்கிக் கேட்டது. "இதெல்லாம் இன்னிக்குச் சரி. நாலு நாள்ல அவங்களுக்கு இது தெளிஞ்சுபோச்சுன்னா?"

பூங்கோதை பதினோராவது மடக்கையும் பன்னிரண்டாவது மடக்கையும் குடித்தது. பிறகு தலையைத் தூக்கி வாயைத் துடைத்துக்கொண்டது.

"கவலைப்படாதீங்கண்ணே. கோடை தொண்ணூறு நாள்தான். தமிழ்ல எழுத்து இருநூத்து நாப்பத்தேழு."

நீதி: பிள்ளைகளே, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். அப்போதுதான் எந்த இடத்தில் பிழை விட வேண்டும் என்று தெரியும்.