பதினோரு டப்பாவும் ஒரே இருமலும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

மூன்றே தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் வந்தால் நீங்கள் "வாங்க ஆபீசரம்மா" என்பீர்கள், அத்தை சிரிப்பார், நானும் சிரித்து வைத்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிடுவேன். போன வாரம் இரண்டு முறை அப்படித்தான் ஆயிற்று. இங்கு நான் நலம். உங்கள் நலம் பற்றிய கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம். இது எங்கள் அலுவலகத்தைப் பற்றியது.

எங்கள் திட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். காசநோய் இருக்கிறதா என்று பார்க்கத் தெருத்தெருவாகப் போய் ஆளுக்கொரு சளி டப்பா கொடுக்கிறோம். மறுநாள் காலையில் நிரப்பித் தருகிறவர்களுக்கு மூடி போட்ட வாளி ஒன்று பரிசு. மொத்தச் செலவை, கண்டுபிடித்த நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வரும். அது குறைந்தால் திட்டம் நீடிக்கும், கூடினால் மூடிவிடுவார்கள். வகுப்பது என் வேலை. முதல் மூன்று வாரத்தில் நானூறு பேரைச் சோதித்தும் ஒரு நோயாளிகூட அகப்படவில்லை, பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொன்னதும் கணினி பிழை என்று காட்டியது, மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "டிகிரி படிச்சிருக்கேல்ல? ஒரு வகுத்தல் வரலையா?" என்றார். யாருக்கும் நோயில்லை என்பதற்கு இவ்வளவு வருத்தப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. நான்காம் வாரம் உங்கள் தெரு. டப்பா கொடுக்க வாசலுக்கு வந்த எங்கள் அலுவலகத்து அக்காவிடம் நீங்கள், "இருமலா? எங்க வீட்டு நாய்கூட இருமாதும்மா" என்று சொல்லி, பட்டியலில் உங்கள் பெயரையே அடிக்கச் சொன்னீர்களாம், பிறகு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கால் மணி நேரம் இருமினீர்களாம். இருக்கட்டும்.

உங்கள் தெருவிலிருந்து பதினோரு டப்பா வந்தது. பதினொன்றிலும் கிருமி. மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைக்கான செலவு மளமளவென்று சரிந்ததைப் பார்த்து, உடனே அறிக்கை தயாரிக்கச் சொன்னார். பதினோரு பேருக்கும் எக்ஸ்ரேயில் நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கிறதே சார் என்று மெதுவாகச் சொன்னேன். "எக்ஸ்ரே வேற பட்ஜெட்மா. நாம சளி பட்ஜெட்" என்றார். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லப் போனபோது, பதினோரு பேரில் உங்கள் தெருத் தையல்காரர்தான் முதலில் உடைந்தார். வாளி வேண்டும், சளி வரவில்லை, தெருவில் ஒரு நல்ல மனிதர் இருக்கிறார், கேட்டவர்களுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் இருமிக் கொடுத்தார், பதிலுக்கு ஒரு வாளிகூட வாங்கிக்கொள்ளவில்லை என்றார். "பேர் மட்டும் கேக்காதம்மா, சத்தியம் பண்ணிருக்கோம்." ஆக, நோயாளி ஒரே ஒருவர், அவர் பெயர் பட்டியலிலேயே கிடையாது. மேலாளரிடம் சொன்னேன். "ஒண்ணுன்னு போட்டா செலவு எங்க போய் நிக்கும்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப பதினொண்ணாவே இருக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும். டப்பாக்களின் மூடியைச் சுற்றிக் குழாய் இணைப்புக்குச் சுற்றுகிற வெள்ளை டேப் இருந்தது. ஒரு சொட்டுக் கசியவில்லை. இவ்வளவு நேர்த்தியான சளியைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று ஆய்வகத்து அக்கா பாராட்டினார். ஊரில் உங்களைப் போல் குழாய் வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் யாரையும் சந்தேகப்படவில்லை.

அத்தைக்கு வணக்கம். சின்னவளுக்கு முத்தம். வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று, இந்த முறை நிஜமாகவே, வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: சந்தேகப்படவில்லை என்று எழுதியது பொய். நான் கல்லூரிக்குக் கிளம்பிய முதல் நாள், புத்தகம் நனையக் கூடாதென்று என் தண்ணீர் பாட்டிலுக்கு டேப் சுற்றிக் கொடுத்தீர்கள். உரிக்கும்போது எனக்கு நகம் வலிக்கக் கூடாதென்று நுனியை மடித்துவிட்டீர்கள். பதினோரு டப்பாவிலும் நுனி மடிந்திருந்தது. வெளியே தெரிந்தால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது. ஆனால் சின்னவள் உங்கள் பக்கத்தில்தான் படுக்கிறாள். மேலாளர் என்னை வீட்டுக்கு அனுப்பினாலும் சரி, பதினொன்று என்று போட மாட்டேன். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வண்டி உங்கள் தெருமுனையில் நிற்கும். பன்னிரண்டாவது டப்பாவில் உங்கள் பெயரை நானே எழுதி வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் இருமியது போதும், மாமா. வந்து, உங்களுக்காக ஒரே ஒரு முறை இருமிவிட்டுப் போங்கள்.