சங்கு ஊதினால் ஓடக் கூடாது

புதுப்பட்டினம்,
வியாழக்கிழமை.

அச்சரப்பாக்கம் உரக்கடை உரிமையாளரும், என் வீட்டம்மாவின் ஒரே தம்பியும், கோபத்திலும் நியாயம் தவறாதவருமான மைத்துனர் பூபாலனுக்குத் தமிழ்வாணன் எழுதிக்கொள்வது.

நலம். உன் அக்கா யோகேஸ்வரிக்கு முழங்கால் வலி; குரல் மட்டும் நன்றாக இருக்கிறது. உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் திருக்கழுக்குன்றம் போய் வேண்டிக்கொண்டேன். மலை ஏறவில்லை, அடிவாரத்தில் நின்றபடியே. இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறாள், அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நம் பிரதீபா, சிறுசேரியில் நல்ல கம்பெனியில் இருப்பவள், சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுக் குறும்படம் எடுக்கிறாள். விஞ்ஞானக் கதையாம். வானத்திலிருந்து ஏதோ ஒன்று நம் கடலுக்குள் இறங்கிவிடுகிறது. என்னவென்று கடைசிவரை காட்ட மாட்டாளாம். லீவு இந்த வாரத்தோடு முடிகிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ராஜினாமா அனுப்ப வேண்டும். ராஜினாமாதான் என்கிறாள். நான் சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், இரண்டு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். மூன்றாவது வேளை உன் அக்கா வஞ்சிர மீன் குழம்பு வைத்துவிட்டாள். ஆகவே நீ ஞாயிற்றுக்கிழமை வந்து, தாய்மாமன் என்ற முறையில் நாலு வார்த்தை கண்டித்துச் சொல்ல வேண்டும். உன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள், உன் பேச்சைத் தட்ட மாட்டாள்.

நான் என்ன வேலை பார்த்து ரிடையர் ஆனேன் என்பது உனக்குத் தெரியும். அணுமின் நிலையத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருந்துகொண்டு, ஒத்திகை நாளில் சுற்றுவட்டாரக் குப்பங்களுக்கு ஜீப்பில் போய், அபாயச் சங்கு ஊதினால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள், வீட்டுக்குள் போய்க் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுத்த அறிவிப்புக்குக் காத்திருங்கள் என்று மைக்கில் சொன்னவன். ஜனங்களுடைய பயத்தைக் குறைப்பதற்குச் சம்பளம் வாங்கினேன். என் மகள் பயத்தைக் கூட்டுவதற்காகச் சம்பளத்தையே விடுகிறாள். இது எந்த ஊர் நியாயம், நீயே சொல்.

முதலில் வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்தார்கள். ஒலிப்பதிவுக்காரர் ஷ்யாம் எங்கள் கிரைண்டர் ஓடும்போது மைக்கை வைத்து, அந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் மெதுவாக்கி, கடலடியில் இருக்கும் அந்த ஏதோ ஒன்றின் உறுமலாக்கிவிட்டார். காதுக்கு எட்டாத அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்களாம். பார்க்கிறவனுக்குச் சத்தம் கேட்பதே தெரியாது, வயிற்றை மட்டும் பிசையும். அஜீரணத்துக்குப் பேர் கலையா என்று கேட்டேன். அமைதி வேண்டுமென்று பிரிட்ஜை அணைத்தவர்கள் திரும்பப் போட மறந்ததில், அரைத்து வைத்த மாவு புளித்துப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு கீழே இருந்த கத்தரிக்காய் மேலெல்லாம் வழிந்தது, அதற்கும் திட்டு வாங்கினவன் நான்தான். பிறகு என்னையே பிடித்து ஜன்னலோரம் நிறுத்தி, கடலைப் பார்க்கச் சொன்னாள். நானும் பயந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். ஒன்றும் பண்ணாதீங்கப்பா, சும்மா பாருங்க என்கிறாள். கேமராக்காரர் கார்த்தி எறும்பு ஊர்கிற மாதிரி கேமராவைக் கிட்டே கிட்டே கொண்டுவருகிறார். நான் எதைப் பார்க்கிறேன் என்று சொல்லித் தொலையேன் என்றால், காட்டிவிட்டால் அதன் அளவு தெரிந்துபோகும், காட்டாதவரை பார்க்கிறவன் தன் வீட்டுப் பயத்தைக் கொண்டுவந்து அங்கே வைத்துக்கொள்வான் என்று விளக்கம் சொல்கிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள் அல்லவா, இவள் தொழிலே ஆளை அரள வைத்துவிட்டு இருட்டை மட்டும் காட்டுவதுதான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன் மச்சான். அந்த ஜன்னலில் நின்றபோது என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது திங்கட்கிழமைதான். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

நேற்றுக் குப்பத்தில் படப்பிடிப்பு. சங்கு ஊதியதும் ஜனங்கள் அலறிக்கொண்டு கடற்கரையிலிருந்து ஓடிவர வேண்டும், அதுதான் படத்தின் முக்கியமான இடமாம். பொய்ச் சங்கு ஊதுவது விளையாட்டு இல்லை என்று நானே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். வீடு வீடாகப் போய், இது சினிமாச் சங்கு, நிஜம் இல்லை என்றும் சொல்லிவிட்டு வந்தேன். ஒத்திகையில் சங்குக்குப் பதிலாகக் கார்த்தி கையைத் தட்ட, ஊரே பிரமாதமாக ஓடியது. கருவாடு காயவைக்கும் குப்பம்மா ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு அலையோடு போய்விட்டது. சரி, இனி நிஜமாக எடுக்கலாம் என்று ஷ்யாம் கைச் சங்கின் பிடியைச் சுற்றினார். யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. குப்பம்மா குனிந்து கருவாட்டுத் தார்ப்பாயைச் சுருட்டினாள், கோழியை உள்ளே விரட்டினாள், கதவைச் சாத்தினாள். அப்புறம் அடுத்த வீட்டுக் கதவு, அதற்கடுத்த வீட்டுக் கதவு. தெருவே காலி. கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள மூலையில் நிறுத்தி வைத்த ஆளும் பக்கத்து வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அந்த ஆள் நான்தான் மச்சான். கொண்டியைப் போட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த வீட்டுக்காரர் காத்தவராயன் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, அடுத்த அறிவிப்பு எப்போ சார் என்று மரியாதையாகக் கேட்டார்.

வெளியே வந்தால் பிரதீபா கண் சிவக்கக் குப்பம்மா வாசலில் நின்றுகொண்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாம்மா நீ, சங்கு ஊதுனா ஓடக் கூடாதுன்னு உங்க நைனாதான வருசா வருசம் மைக்ல சொல்லிகினு இருந்தாரு," என்றாள் குப்பம்மா. "சினிமா சங்குன்னு தெரியும். கை தானா கதவாண்ட பூடுச்சு. இன்னா பண்ணச் சொல்ற?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. மறுபடி ஊதினார்கள், மறுபடியும் கதவு. மூன்றாம் தடவை ஊதுவதற்குள் ஊர் சாப்பிடப் போய்விட்டது. ஒழிந்தது சனியன், இத்தோடு புத்தி வரும் என்று எனக்குள் ஒரு சந்தோஷம், மறைப்பானேன். ஆனால் சாயங்காலம் கேமராவில் எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, இதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். ஓடுகிறவனுக்குக் காலுக்காவது வேலை இருக்கிறது, சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன இருக்கிறது என்று என்னையே கேட்கிறாள். தோற்றவங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

ஆகவே மச்சான், ஞாயிறு காலை முதல் பஸ்ஸைப் பிடி. சிரித்துக்கொண்டு வராதே. அவள் கொடுக்கும் காபியை உடனே வாங்காதே. வேலை என்றால் என்ன, குடும்பம் என்றால் என்ன என்று கடைக்கு வரும் கடன்காரனிடம் பேசுகிற குரலில் பேசு.

உன் கடைக்கு வரும் யூரியா தடையில்லாமல் வரட்டும், உன் பிள்ளைகள் உன்னைப் போலவே சொன்ன பேச்சு கேட்டு வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவின் வீட்டுக்காரன்,
தமிழ்வாணன்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. நேற்று இதைக் கொரியரில் போடக் கிளம்பும்போது, பிரதீபா ஒன்றும் பேசாமல் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து அந்தக் காட்சியைப் போட்டாள். எடுத்த எடுப்பில் சங்கு. போகப் போகச் சத்தம் ஏறும் என்று பார்த்தால், குறைத்துக்கொண்டே போகிறாள். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொள்கிறது, ஒவ்வொரு தாழ்ப்பாள் சத்தமும் தனியாகக் கேட்கிறது. முன்னதைவிடப் பின்னது சீக்கிரம், அதைவிட அடுத்தது சீக்கிரம். எல்லாம் சாத்தியானதும் கேமரா அசையாமல் அந்தக் காலித் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அடியில் அந்த உறுமல். அது எங்கள் கிரைண்டர் என்று எனக்குத் தெரியும் மச்சான், தெரிந்தும் திரும்பி நம் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். அத்தனை ஒத்திகையிலும் கதவெல்லாம் சாத்தினதும் மைக்கில் நன்றி சொல்லிவிட்டு ஜீப் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதற்கப்புறம் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. படம் முடிந்தும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

"சரி, விடுங்கப்பா. திங்கக்கிழமை நான் ஆபீஸ் போறேன்."

அவ்வளவுதான், எழுந்து போய்விட்டாள். இத்தனை நாளாக நான் கேட்டது கிடைத்துவிட்டது. போகாதேம்மா என்று சொல்ல வேண்டும், கத்தித் தீர்த்த வாயால் அதை எப்படிச் சொல்வது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவள் கூடத்துக்கு வந்தால் நான் வாசலுக்குப் போய்விடுகிறேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாயம் வர வேண்டும். அதே கோபத்தோடு வா, அதே குரலில் பேசு. வேலைக்குப் போகக் கூடாதுன்னு நல்லாக் கண்டிச்சுச் சொல்லு மச்சான். அப்பாதான் சொல்லச் சொன்னாருன்னும் சொல்லு.