இடப்பக்கம் மட்டும் ஓடும் வண்டி

சாவியைத் திருப்பினான். விளக்கு எரியவில்லை. மறுபடி திருப்பினான். எரிந்து, அவனைப் பார்த்துவிட்டு அணைந்தது.

மணி எட்டே முக்கால். பஸ் பத்துக்கு. மனிதனுக்கு அவசரம் என்பது பதினெட்டு வருஷத்து மோட்டார் சைக்கிளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

நேற்றுச் சாயங்காலம் அவன் வேலை விட்டு வந்தபோது, மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் பழுப்புப் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. நாலு மாதமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவன் சாப்பிடுவதையும் தும்முவதையும் வாய் திறக்காமல் கவனித்து வந்தவர் அவர். பார்த்தாலே அவனுக்கு வயிறு எரியும். பஸ் எத்தனை மணிக்கு என்று மனைவியிடம் கேட்டான். "பத்துக்கு" என்றாள். ஏன், என்ன என்று கிளறினால் பயணம் நின்றுபோகுமோ என்று பயந்து, "நானே கொண்டு விடறேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதுவது அவன் வேலை. எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் இத்தனை வருஷம் மின்சாரத்துக்குப் பக்கத்தில் நின்றதில் அதன் சூட்சுமமெல்லாம் அத்துப்படி என்று ஒரு நினைப்பு.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. பேட்டரி ஒயர் இறுக்கமாக இருந்தது. சாவியை வலப்பக்கம் சாய்த்து அழுத்தினால் மட்டும் விளக்கு வந்தது.

"ஸ்விட்ச்சுக்குள்ள அழுக்கு" என்று தீர்ப்புச் சொல்லி, தையல் மிஷின் எண்ணெயைச் சாவித் துவாரத்தில் தாராளமாக ஊற்றினான். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் சாய்த்தாலும் விளக்கு வரவில்லை.

மனைவி வாசலுக்கு வந்தாள். "முடியலன்னா விடுங்க. ஆட்டோ கூப்பிட்டுக்கலாம்."

"ஆட்டோ எதுக்கு? நானே கூட்டிட்டுப் போய், பஸ் கிளம்பற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வருவேன்."

"அவ்வளவு ஆசையா?"

"பின்ன? எவ்வளவு நாள்தான் மனுஷன் தாங்குவான்?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அவன் கோபத்தைச் சாவியில் காட்டினான். பலமாக எதிர்ப்பக்கம் திருப்பியதில், இடப்பக்கம் சாய்ந்திருந்த ஹேண்டில் அப்படியே லாக் ஆனது. சாவி பாதி உள்ளே, பாதி அவன் கையில். சரி, சாவியே வேண்டாம் என்று அடியிலிருந்த ஒயர்களை வெட்டி, சிவப்பையும் பச்சையையும் முறுக்கினான். ஹாரன் அலற ஆரம்பித்தது. பிரித்த பிறகும் நிற்கவில்லை.

மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "சார், யாரைக் கூப்பிடறீங்க?"

"யாரையும் இல்ல சார். ரிப்பேரு."

"எங்களையும் சேர்த்து ரிப்பேர் பண்ணிடுவீங்க போல."

இதற்கு நடுவில் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்று போனது. மாடி வீட்டுக்காரர் சத்தம் பொறுக்காமல் ஊரைவிட்டே ஓடுகிறார் என்று நினைத்து, அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஹாரன் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். சிவப்பை இந்த முறை பழுப்போடு முறுக்கினான். விளக்கு வந்தது. உதைத்தான். இன்ஜின் உறுமியது. அவனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டான்.

வண்டி இடப்பக்கமாக ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஹேண்டில் லாக்கில் இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பஸ் நிலையம் இந்த வாசலுக்குள்ளேயே இருந்திருந்தால் தாராளமாகக் கொண்டு விட்டிருக்கலாம்.

மணி ஒன்பதே முக்கால். கறுத்த கையோடு உள்ளே ஓடினான்.

"அத்தை, எழுந்திருங்க. ஆட்டோலயே போயிடலாம். பெட்டி எங்க?"

பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. மாமியார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, நாலு மாதத்தில் முதல்முறையாக அவனிடம் வாய் திறந்தார்.

"போகலாமா, இருந்துடலாமான்னு என் பொண்ணு ராத்திரி பூரா யோசிச்சுக்கிட்டிருந்தா மாப்பிள்ளை, அவளை அனுப்பி வைக்க நீங்க படற பாட்டைப் பார்த்த பிறகுதான் ஆட்டோவுல ஏறினா, நீங்க கவலைப்படாதீங்க, உங்களைப் பார்த்துக்க நான் இங்கேயே இருக்கேன்."