காருக்குத் தெறி பூட்டியவர்

இத்தாலியின் பலெர்மோவில் கார் வைத்திருக்கும் தமிழர் எல்லாரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறுதட்டில் தெறியண்ணையை மட்டும் வைத்தாலும், பைத்தியத்தில் அவர் தட்டுத்தான் தாழும்.

கால்சாப் பகுதியில் எனக்கு மேல்மாடியில் இருந்தார். அவருடைய நீலக் காருக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. எஞ்சினுக்குக் கீழே, கல்லும் தண்ணீரும் படாமல் மூடியிருக்கும் பிளாஸ்டிக் தட்டை அவர் ‘சட்டை’ என்பார். அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் ‘தெறி’. எங்கள் பக்கத்தில் பொத்தானுக்கு அதுதான் பெயர்.

தெறிகள் சூட்டில் உக்கி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சட்டை தொங்கி வீதியில் உரசியது. கொடிக்கயிற்றால் கட்டிப் பார்த்தார், கம்பியால் தைத்தும் பார்த்தார். இரண்டு சந்தி தள்ளி அவர் வருவது எனக்குப் படுக்கையிலேயே கேட்கும்.

“அண்ணை, இந்தச் சனியனை வித்துத் துலையுங்கோவன்!”

“சத்தம் பெரிசில்லைத் தம்பி. ஜெசிந்தா கதைக்கிறது விளங்குதில்லை.”

ஜெசிந்தா அக்கா அவர் மனைவி. மன்னாரில் ஆசிரியை. ஐந்து வருடமாக வீசாவுக்குக் காத்திருந்தார். அவருடைய பள்ளி இடைவேளையும், அண்ணை பொலிதேயாமாப் பக்கத்தில் ஒரு கிழட்டு இத்தாலிய அம்மா, சிஞோரா, வீட்டு வேலைக்குக் காரில் போகும் நேரமும் ஒன்றாக வரும். போனில் அவர்கள் குடும்பம் நடத்தியது அந்தக் கால் மணி நேரத்தில்தான்.

ஒருநாள் உதிரிப்பாகக் கடைக்குப் போய், காரின் சட்டைக்குப் பொத்தான் வேண்டும் என்று இத்தாலியனில் கேட்டிருக்கிறார். கடைக்காரன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, வியா மக்வேதா வீதியில் ஒரு பொத்தான் கடைக்கு வழி சொல்லியிருக்கிறான். இவரும் போயிருக்கிறார்!

“கடைக்காரி என்ன நிறம் எண்டு கேட்டாள். கறுப்பு எண்டன்.”

ஒரு டசின் கோட்டுப் பொத்தானை என் கையில் வைத்தார். நான் தலையில் அடித்துக்கொண்டு, உடைந்த கிளிப் ஒன்றைக் கடையில் காட்டி வாங்கிவந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும், காரின் இரண்டு சில்லை நடைபாதையில் ஏற்றிவிட்டுக் கீழே படுத்தோம். பழைய கிளிப்புகளின் நடு ஆணியைத் திருப்புளியால் நெம்பிக் கழற்றினேன். புதியவற்றை அவரே அழுத்தினார். ஒவ்வொன்றும் ‘டக்’ என்று இறுகும்போது, குழந்தைக்குச் சட்டை மாட்டுபவர்போலச் சிரித்தார்.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். கார் பூனைபோல ஓடியது. அண்ணை பெருமையோடு அக்காவுக்குப் போனைப் போட்டு, ஸ்பீக்கரில் விட்டார்.

“வந்து சேந்திட்டியளே? சரி, வேலையைப் பாருங்கோ, வைக்கிறன்.” அக்கா வைத்தும் விட்டார்.

அண்ணை பதறி மறுபடி எடுத்தார். “இல்லையப்பா, இப்பதான் வெளிக்கிட்டனான்! தெறி பூட்டினதாலை சத்தம் நிண்டிட்டுது.”

“சத்தம் நிண்டா நீங்கள் சிஞோரா வீட்டு வாசலிலை எண்டுதானே இவ்வளவு காலமும் போனை வைச்சனான்? இப்ப எனக்குக் கதையே வருகுதில்லை.”

மீதி வழி முழுக்க இருவரும் “ஓம்”, “ஓம்” என்றே சொல்லிக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் அண்ணை காருக்குக் கீழே படுத்து, பூட்டியதில் இரண்டைக் கழற்றினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“சட்டை மெல்லமாத் தட்டினால் காணும் தம்பி. அவ கதைக்கட்டும்.”

பிறகு வீசா கிடைத்து அக்கா வந்தார். இருவரும் மிலான் பக்கம் போய்விட்டார்கள். கூடவே அந்தக் காரும் போனது. அந்த மனுசனைத் திட்டாமல் எனக்கு விடிந்த நாளில்லை. திட்ட ஆளில்லாத இந்தக் காலைகளில், அவரை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று தெரிகிறது.