கணினியை அணைக்க வேண்டாம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
செவ்வாய்க்கிழமை, காலை 10.20

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் அவர்களுக்கு, மாமனார் நவநீதகிருஷ்ணன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை செல்வலட்சுமியும் நலம். எங்கள் மகள் சிவரஞ்சனியும், அவள் வயிற்றில் இருக்கும் பேரனோ பேத்தியோ அதுவும், உங்கள் ஒன்பதாவது மாடியும், அதற்கு ஏறும் லிஃப்ட்டும் நலமாக இருக்கப் பெருமாளை வேண்டுகிறோம். லேப்டாப்பின் நலத்தைத்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ‘நாற்பத்தேழு’ என்று ஆரம்பித்தவுடனே உங்களுக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்குக் குறுக்கே மீட்டிங் வராது என்பதால் எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் நான்; எது எத்தனை மணிக்கு வந்தது, எங்கே நின்றது என்று எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆவணி மாதம் வளையலும் ஏழு வகைச் சோறும் கட்டிக்கொண்டு, மகளுக்கு வளைகாப்புப் போட சென்னைக்கு வந்தோம். வளையல் போட்ட கையோடு பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவதும், தலைப்பிரசவம் அங்கே நடப்பதும் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் அம்மாவும் தன் தாய் வீட்டுக்குப் போய்த்தான் உங்களைப் பெற்றார்கள். நீங்களோ, “அங்க என்ன மாமா வசதி இருக்கு?” என்றீர்கள். எங்கள் ஊரிலும் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன, உங்களுக்கு வாய்த்தவளே இங்கே பிறந்தவள்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்திருந்ததால் விழுங்கிக்கொண்டேன். அப்புறம் நீங்கள் பரண் மேலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை இறக்கி, துடைத்து, அத்தையின் கையில் கொடுத்து, “இதுல தினமும் அவளைப் பாத்துக்கலாம் அத்தை” என்றீர்கள். மகளை அழைக்க வந்தவள் அந்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். போகும்போதும் எங்களோடு வந்த சேத்தூர்க்காரர் ஒருவர் எதிர் சீட்டில் இருந்தார்; “மகளக் கூட்டிட்டு வரப் போறோம்னு போகும்போது சொன்னியளே, எங்க?” என்று கேட்டார். நான் லேப்டாப்பைக் காட்டினேன். வேறென்ன செய்ய?

ஊருக்கு வந்து திறந்தால் வீடியோ ஓடவில்லை. உள்ளே இருக்கிற சிஸ்டம் பழசு, புதுசு போட வேண்டும் என்று சொல்லி ஒரு பென்டிரைவைக் கூரியரில் அனுப்பினீர்கள். நீங்கள் சொன்ன பட்டன்களை நீங்கள் சொன்ன வரிசையில் அமுக்கினேன். மொழி எது என்று கேட்டது, தமிழ் என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று சதவீதம் ஏறியது. நாற்பத்தேழில் நின்றது. அங்கேயே ஒரு மணி நேரம் நின்றது. திரையில் இருந்த மவுஸ் அம்பும் நகரவில்லை. திரையில் ‘தயவுசெய்து கணினியை அணைக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. உங்கள் அத்தை அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “நான் எங்க இத அணைச்சேன்? சும்மா மடியிலதான வச்சிருக்கேன். அதுவும் கூடாதாமா?” என்று கேட்டு, அதை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு வரவில்லை.

உங்களுக்குப் போன் செய்தேன். “ஃப்ரீஸ் ஆயிடுச்சு மாமா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்றீர்கள். அணைக்க வேண்டாம் என்று அது சொல்கிறது, அணைக்கச் சொல்லி நீங்கள் சொல்கிறீர்கள். மாப்பிள்ளை சொல்லைத் தட்டக்கூடாது என்று அணைத்தேன். மறுபடி நாற்பத்தேழு. ஃப்ரீஸ் என்றால் என்ன என்று அத்தை கேட்டாள், உறைந்துபோவது என்றேன். அவ்வளவுதான், குளிர் கண்டுவிட்டது என்று இலவம்பஞ்சுத் தலையணையில் அதைக் கிடத்தி, சுற்றிலும் துண்டை அணைகட்டி வைத்துவிட்டாள். “தொட்டுப் பாருட்டி, தோசைக்கல்லாக் கொதிக்கி” என்றால், “காய்ச்சல்காரனுக்கும் இப்படித்தான, வெளிய கொதிக்கும், உள்ள குளிரும்” என்கிறாள். மூன்றாம் முறை நாற்பதைத் தொடும்போது மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தினார்கள். நான்காம் முறை நாற்பத்தேழு. புரட்டாசி முதல் சனிக்கிழமை, எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெருமாள் கோயில் இருக்கிற திருவண்ணாமலை ஏறினாள் உங்கள் அத்தை. மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளப் போனவள், சன்னதியில் கண்ணை மூடி, “பெருமாளே, நாப்பத்தேழத் தாண்டிறணும்” என்று வேண்டிக்கொண்டு இறங்கினாள். மகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டதாகப் பாதி மலையில் நினைவு வந்து மறுபடி ஏறினாள். அறுபத்திரண்டு வயது, மாப்பிள்ளை. முழங்கால் வலி வேறு.

நான் அப்போதே உங்களிடம் சொன்னேன். ஒரு வண்டி ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் நின்றால் குற்றம் வண்டியில். தினமும் ஒரே இடத்தில் நின்றால் குற்றம் ரோட்டில். இது நாற்பத்தாறிலும் நிற்கவில்லை, நாற்பத்தெட்டிலும் நிற்கவில்லை, ஆகையால் நீங்கள் அனுப்பிய பென்டிரைவைச் சந்தேகப்படுகிறேன் என்றேன். “மாமா, இது பஸ் இல்ல” என்றீர்கள். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அது என் மகளாக இருக்காது என்று நம்புகிறேன்.

பிறகு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஜூடி என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். அடிமூடியைத் திறந்ததும் ஃபேனுக்குள்ளிருந்து ஒரு கைப்பிடி இலவம்பஞ்சை உருவினாள். “என்னய்யா இது, மெத்தை தைக்கக் கொண்டாந்தியளா?” என்றாள். துடைத்து ஓட்டினாள். சூடு இறங்கியது. நாற்பத்தேழில் நின்றது. என் பஸ் கதையை அவளிடமும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பென்டிரைவை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் சொருகிச் செத்த நேரம் பார்த்துவிட்டு, “நீங்க சொன்னதுதான் சரி. இதுல பாதிதான் இருக்கு. காப்பி முடியுறதுக்குள்ள உருவியிருக்காவ. இத அனுப்புனவியளுக்கு என்ன அம்புட்டு அவசரம்?” என்று கேட்டாள். அவருக்கு மீட்டிங் இருந்திருக்கும் என்றேன். யார் என்று கேட்டாள். தெரிந்தவர் என்றேன். மாப்பிள்ளை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

தன் பென்டிரைவைப் போட்டு முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தாள். “பேட்டரி செத்துப்போச்சுய்யா, ஒயர்லதான் உசுரு நிக்கி, ஓடும்போது உருவிராதிய” என்று சொல்லி அனுப்பினாள். ஆக, லேப்டாப் ஓடுகிறது. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மகளைத் திரையில் காட்டவும். இனி அவளை அனுப்பச் சொல்லிக் கேட்க மாட்டேன். பேரப்பிள்ளை பிறந்தாலும் உங்கள் லிஃப்ட்டில் நானும் ஏற மாட்டேன், உங்கள் அத்தையும் ஏற மாட்டாள். தொட்டிலையும் திரையிலேயே ஆட்டிக்கொள்கிறோம். இது கோபத்தில் எழுதியது அல்ல. நான்கு நாள் யோசித்து, கோபம் குறையாமல் பார்த்துக்கொண்டு எழுதியது.

நீங்கள் தொட்டது துலங்கவும், எடுத்த வேலையை முழுதாக முடித்துவிட்டு உருவும் பொறுமை உங்களுக்கு வாய்க்கவும் ஆசீர்வதிக்கிறேன். சம்பந்திகளுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
பேசத் தெரியாத உங்கள் மாமனார்,
அ. நவநீதகிருஷ்ணன்

பின்குறிப்பு. திங்கட்கிழமை, காலை 9.15. தபால்தலை வாங்கச் சோம்பல்பட்டு இதை அனுப்பாமல் வைத்திருந்தேன். உங்கள் அத்தை போனில் சொல்லிவைத்திருந்தபடி, நேற்று பத்து மணி நான்கு நிமிடத்துக்கு சிவரஞ்சனி திரையில் வந்தாள். நீங்கள் வேறு அறையில் மீட்டிங்கில் இருந்ததால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. முகம் ஊதியிருந்தது. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று மூன்று தடவை சொன்னாள். அப்புறம், “அம்மா, கால் ரொம்ப வீங்குதும்மா, இப்படித்தான் இருக்குமா?” என்று கேட்டாள். “காலைக் காட்டு” என்றாள் இவள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை, அழுதுவிட்டாள். உங்கள் அத்தை லேப்டாப்பை அப்படியே இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஒயர் பிடுங்கிக்கொண்டது. அணைந்துவிட்டது. எத்தனை தடவை எழுதிக் காட்டியிருந்தது, வேண்டாம் என்று.

மறுபடி ஒயரைச் சொருகினேன், வரவில்லை. ஜூடியிடம் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். “வேணாம். டிக்கெட் எடுங்க” என்றாள் உங்கள் அத்தை. எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை காலை வந்து இறங்குகிறோம். கால் வைத்துக்கொள்ள இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை கொண்டு வருகிறோம். இன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொல்லி மகளுக்குப் போன் செய்துவிட்டேன்; நீங்களும் கூடப் போங்கள், மீட்டிங் இருந்தாலும். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை. லிஃப்ட்டைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடவும்.

இந்தக் கடிதம் எங்களுக்குப் பிந்தி வந்தால் பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிடுங்கள், மாப்பிள்ளை. உறையின் மேலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அந்த வீட்டில் உங்களோடு உட்கார்ந்து நான் சாப்பிட வேண்டும்.