எனக்குத் தாளில்தான் வேண்டும்

"இனிமே கடிதாசே வராதா?" என்று கேட்டார் பல்செட் செய்பவர்.

"வராதுடா. இன்சூரன்ஸ் நோட்டீஸ் எல்லாம் இனி மெயில்லதான். உன் போன்ல நான்தான் சம்மதம் குடுத்தேன். வீடு பூரா ஒரே காகிதம்" என்றாள் அக்கா, பெருமையாக.

அவளுக்கு என்ன தெரியும், பாவம். வெள்ளத்துக்கு ஒன்று, தீக்கு ஒன்று, ஜன்னல் கண்ணாடிக்குத் தனியாக ஒன்று என்று மனுஷன் பாலிசி எடுத்துத் தள்ளியதே அந்தத் தபால்காரப் பெண் வருவதற்காகத்தான். ஜன்னலோரம் வெயிலில் மினுங்கும் பல்செட்டுகளைப் பார்த்து, "இன்னிக்கு எத்தனை பேரைச் சிரிக்க வெக்கப் போறீங்க?" என்பாள். இவர் பதில் யோசிப்பதற்குள் சைக்கிள் தெருமுனை திரும்பிவிடும். அன்று முழுக்க இவருக்கு மேல்வரிசை எது, கீழ்வரிசை எது என்றே தெரியாது.

கம்பெனிக்குப் போன் போட்டார்.

"சம்மதத்தை எப்ப வேணா வாபஸ் வாங்கலாம் சார். அதுக்கான படிவத்தை மெயில்ல அனுப்பியிருக்கோம்" என்றது ஒரு தேன்குரல்.

"மெயில் வேணாங்கறதுக்கும் மெயிலா?"

"ரூல்ஸ் அப்படி சார்."

"மெயில் போய்ச் சேராம திரும்பி வந்துட்டா?"

"அப்பத் தபால்ல அனுப்பியே ஆகணும் சார்."

போதாதா? மெயில் பெட்டி நிரம்பி வழியட்டும் என்று பல்செட்டுகளைப் படம்பிடித்து, அக்கா போனிலிருந்து தனக்குத்தானே அனுப்பினார். பட்டப்பகலில் கனவு காண்கிறவர். விலாசம் மாறி அத்தனையும் கம்பெனிக்குப் போயிற்று.

மறுநாள் தேன்குரலே கூப்பிட்டது. "விபத்துன்னு பதிவு பண்ணிட்டோம் சார். உங்க பல்லு மொத்தமும் கொட்டிப்போச்சா?"

அதற்கும் சேர்த்து நோட்டீஸ் குவிந்தது. எல்லாம் மெயிலில்.

கடைசியில் அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி பாஸ்வேர்டு வாங்கினார். படிக்காத மெயில்கள் மலைபோல் கிடந்தன. படிவத்தை மட்டும் விட்டுவிட்டு, ஒன்றைக்கூடத் திறக்காமல் அத்தனையையும் அழித்தார். படிவத்தில், "இனி எந்த மெயிலும் எனக்கு வேண்டவே வேண்டாம். தாளில்தான் வேண்டும்" என்று எழுதி அனுப்பிவிட்டார். நெஞ்சு லேசாகிவிட்டது.

மூன்றாம் நாள் தலைவாரிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். திரைச்சீலை மெல்ல ஆடியது. பல்செட்டுகள் தெருவைப் பார்த்துச் சிரித்தன. சொல்ல வேண்டிய பதிலை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார்: "நீங்க ஒருத்தர் சிரிச்சா போதும்."

சைக்கிள் மணி கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

பெரிய மீசைக்காரர் ஒருவர் கடிதத்தை நீட்டினார்.

"அவங்க... வரலையா?"

"அந்தப் பொண்ணா? நோட்டீஸ் எல்லாம் மெயிலுக்குப் போனப்பவே வேலையை மாத்திக்கிச்சே. இப்ப இன்சூரன்ஸ் கம்பெனியில மெயில் அனுப்பற வேலை. நேத்துப் பாத்தேன், முகமே சரியில்ல. இந்தத் தெருவுல யாருக்கோ ஒவ்வொரு நோட்டீஸுக்குக் கீழயும், 'இன்னிக்கு எத்தனை பேரைச் சிரிக்க வெக்கப் போறீங்க'ன்னு எழுதிக்கிட்டே இருந்துச்சாம். பதிலே இல்லையாம்."

மீசைக்காரரின் பார்வை ஜன்னல் பக்கம் போய் நின்றது.

"அட, வேண்டவே வேண்டாம்னு எழுதினது நீங்கதானா?"